பண்ணைக்குப் போய் வந்த தொட்டி

இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டத்தில் ஞானஸ்நானத் தொட்டியைப் பற்றி ஒரு விதி உண்டு. தொட்டியின் கிண்ணத்தை ஞானஸ்நானத் தண்ணீருக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், வேறு எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. நியாயமான விதிதான். ஆனால் அந்த நாட்டில் ஆங்கிலோ-சாக்சன் காலத்திலிருந்து தப்பி வந்த தொட்டிகளில் முதலிடத்தில் வைத்துப் பேசப்படும் தொட்டி, இந்த விதியை வருடக்கணக்கில் மீறிக் கிடந்த தொட்டி. கோயிலை விட்டு வெளியேறி, ஒரு பண்ணை வீட்டில் கழுவுதொட்டியாகக் காலம் தள்ளி, பிறகு வேறொரு ஊர்க் கோயிலுக்குப் போய், கடைசியில்தான் வீடு திரும்பியது. அப்படி அலைந்ததால்தான் அது முழுசாக இருக்கிறது என்பது என் கட்சி.

ஊரின் பெயர் டியர்ஹர்ஸ்ட். க்ளாஸ்டர்ஷயரில், செவர்ன் ஆற்றின் கிழக்குக் கரையில், ட்யூக்ஸ்பரி நகரத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது. இன்று போய்ப் பார்த்தால் சில வீடுகள், மேய்ச்சல் நிலம், ஆற்று வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட கரை, நடுவில் உயரமாக ஒடுங்கி நிற்கும் புனித மரியாள் கோயில். அவ்வளவுதான் ஊர். இதற்கு ஏன் இவ்வளவு பெரிய கோயில் என்று கேட்கத் தோன்றும்.

அன்று கதை வேறு. ஹ்விக்கே என்று ஒரு சிற்றரசு இருந்த காலத்தில் அதன் முக்கியமான துறவு மடங்களில் ஒன்று டியர்ஹர்ஸ்டில் இருந்தது. 804-ஆம் ஆண்டு ஒரு பிரபு இந்த மடத்துக்கு நிலம் எழுதிக் கொடுத்த சாசனம் இருக்கிறது. இங்கே துறவியாக வாழ்க்கையைத் தொடங்கிய ஆல்ஃபீஜ் பின்னாளில் கான்டர்பரியின் பேராயரானார். 1012-இல் டேனியர் கையில் சிறைப்பட்டு, மீட்புப் பணம் கொடுக்க மறுத்ததால் கொல்லப்பட்டார். 1016-இல் எட்மண்ட் அயர்ன்சைட் என்ற ஆங்கில அரசனும் கனூட் என்ற டேனிய அரசனும் நாட்டைப் பங்கு பிரித்துக்கொள்ள உடன்பட்டதும் டியர்ஹர்ஸ்டை ஒட்டிய ஆற்றுத் தீவு ஒன்றில்தான். அரசர்கள் படகில் வந்து இறங்கிய துறை இது. இப்போது அங்கே மீன்பிடிக்கிறவர்களும் நடைப்பயணம் போகிறவர்களும்தான் வந்து இறங்குகிறார்கள்.

தொட்டி இந்தப் பெரிய நாட்களைச் சேர்ந்தது. 9-ஆம் நூற்றாண்டு என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. சுண்ணாம்புக்கல்லில் குடைந்த உருளை வடிவக் கிண்ணம். அதைத் தாங்கும் கல்தண்டு ஒன்று. கிண்ணத்தைச் சுற்றி அகலமான ஒரு பட்டை. அந்தப் பட்டை முழுக்கச் சுழிகள். ஒரு சுழியின் வால் விரிந்து அடுத்த சுழியின் தலையாகிறது, அதன் வால் அதற்கடுத்ததற்கு ஓடுகிறது. எங்கே தொடங்கியது என்று விரலால் தொடர்ந்து போனால் தொட்டியைச் சுற்றி வந்துவிடலாம், தொடக்கம் மட்டும் கிடைக்காது. அந்தப் பட்டைக்கு மேலும் கீழும் குறுகலாக இரண்டு கரைப்பட்டைகள். அவற்றில் திராட்சைக்கொடி சுருண்டு ஓடுகிறது. சேலையில் உடலுக்கு ஒரு வடிவமும் கரைக்கு ஒரு வடிவமும் வைத்து நெய்கிறவன் எப்படி யோசிப்பானோ அப்படி யோசித்திருக்கிறான் இந்தக் கல்தச்சன்.

இதில் ஒரு மனிதர் இல்லை, ஒரு தேவதூதர் இல்லை, சிலுவைகூட எடுப்பாக இல்லை. சுழி மட்டும்தான். அயர்லாந்திலும் வடக்கு இங்கிலாந்திலும் துறவிகள் நற்செய்தி ஏடுகளில் மைகொண்டு போட்ட அதே சுழி. லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏட்டைப் படத்தில் பார்த்தவர்களுக்குச் சட்டென்று அடையாளம் தெரியும். தோலில் தூரிகையும் இறகும் செய்த வேலையை இங்கே உளி செய்திருக்கிறது. ஹியர்ஃபர்ட்ஷயரின் ஏர்ட்ஸ்லி ஊரில் 12-ஆம் நூற்றாண்டுத் தொட்டி ஒன்று உண்டு. அதில் வீரர்கள் ஈட்டியும் வாளுமாகச் சண்டை போடுகிறார்கள், கிறிஸ்து பாதாளத்திலிருந்து ஒரு ஆளைக் கையைப் பிடித்து இழுக்கிறார், சிங்கம் ஒன்று வாலைச் சுழற்றுகிறது. அருமையான வேலை. ஆனாலும் எனக்கு டியர்ஹர்ஸ்ட்டின் இந்தப் பேசாத சுழிதான் மேல். கதை சொல்லும் சிற்பத்தை ஒருமுறை புரிந்துகொண்டால் கண் நகர்ந்துவிடும். இது நகரவிடாது.

செய்தவன் பெயர் தெரியாது. கும்ப்ரியாவின் பிரைட்கர்க் ஊர்த் தொட்டியில் மட்டும் அதைச் செய்த ரிச்சர்ட் என்பவன் தன் பெயரை ரூன் எழுத்தில் வெட்டி, கையில் உளியும் சுத்தியும் பிடித்திருக்கும் தன் உருவத்தையும் ஓரத்தில் சின்னதாகச் செதுக்கி வைத்தான். அந்தத் துணிச்சல் எல்லாருக்கும் வராது.

இனி அந்தத் தொட்டியில் அன்று என்ன நடந்தது என்று பார்க்கலாம். இன்று நாம் காணும் ஞானஸ்நானம் போன்றதல்ல அது. தெளிப்பதும் ஊற்றுவதும் பொது வழக்கமானது பின்னால்தான். அன்று முழுக்கு. பழைய தொட்டிகளின் கிண்ணங்கள் இவ்வளவு அகலமும் ஆழமுமாக இருப்பதற்குக் காரணம் அலங்காரமல்ல, உள்ளே ஒரு குழந்தை இறங்க வேண்டும். குருவானவர் பிள்ளையைத் துணியை அவிழ்த்துவிட்டு வாங்கி மூன்று முறை முக்குவார்: முதலில் வலப்பக்கமாக, பிறகு இடப்பக்கமாக, கடைசியில் முகம் தண்ணீரைப் பார்க்க. கோயிலுக்குள் கணப்பு கிடையாது. சனவரி மாதம் பிறந்த பிள்ளையின் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

பிறந்து சில நாட்களிலேயே கொண்டுவந்துவிடுவார்கள். காத்திருக்க யாருக்கும் தைரியம் இல்லை. ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைக்கு மோட்சம் இல்லை என்பது போதனை, கோயில் கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை. அதனால்தான் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிக்கே ஞானஸ்நான வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தார்கள். பிள்ளை தங்காது என்று தெரிந்தால் அவளே தண்ணீர் ஊற்றி வார்த்தையைச் சொல்லலாம். தாய் கோயிலுக்கு வரமாட்டாள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் அவள் கோயிலுக்குள் வருவதற்கு வேறு சடங்கு உண்டு, அதுவரை வீட்டோடுதான். எனவே தன் பிள்ளைக்குப் பெயர் விழுந்த நேரத்தைப் பெரும்பாலான தாய்மார்கள் கண்ணால் பார்த்ததில்லை. பிள்ளையை ஏந்தி நின்றவர்கள் ஞானப்பெற்றோர். எண்ணெய் பூசிய நெற்றியைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டுவார்கள். ஒரு மாதத்துக்குள் பிள்ளை இறந்தால் அந்தத் துணியே கோடித்துணி.

தண்ணீர் விஷயம் இன்னும் விசித்திரம். ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் புதிதாகத் தண்ணீர் பிடிக்கும் வழக்கம் இல்லை. ஈஸ்டருக்கு முந்தின இரவும் பெந்தெகொஸ்தே திருநாளை ஒட்டியும் பெரிய சடங்காகத் தண்ணீரை மந்திரிப்பார்கள். அது தொட்டியிலேயே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிற்கும். அதற்குத்தான் மூடி. மூடி தூசிக்காக மட்டும் என்று எண்ண வேண்டாம். ஊரார் அந்தத் தண்ணீரைத் திருடினார்கள். நோய்க்கும் மாட்டுக்கும் வயலுக்கும், வேண்டாதவர்களுக்கு வைக்கும் சூனியத்துக்கும் அதற்கு மதிப்பு இருந்தது. 1236-இல் கான்டர்பரி பேராயர் எட்மண்ட், சூனியத்துக்குப் பயந்து தொட்டிகளைப் பூட்டி வைக்கும்படி உத்தரவு போட்டார். இங்கிலாந்தின் பழைய தொட்டிகள் பலவற்றின் விளிம்பில் எதிரெதிராக இரண்டு இடங்களில் கல் பெயர்ந்திருக்கும். பூட்டுக்காக ஈயம் காய்ச்சி ஊற்றிப் பதித்த இரும்புக் கொக்கிகள் பின்னாளில் பிடுங்கப்பட்ட வடு அது. ஒரு கிராமத்தில் பூட்டுப் போட்டு வைக்க வேண்டிய பொருள் தண்ணீர்தான் என்றால், அந்தத் தண்ணீர் நின்ற கல்லுக்கு எவ்வளவு அந்தஸ்து இருந்திருக்கும்!

அந்த அந்தஸ்து 16-ஆம் நூற்றாண்டில் ஆட்டம் காணத் தொடங்கியது. எட்டாம் ஹென்றியின் காலத்தில் மடங்கள் மூடப்பட்டன. டியர்ஹர்ஸ்ட்டில் துறவிகள் போனார்கள், கோயில் மட்டும் ஊர்க் கோயிலாக மிஞ்சியது. 1549-இன் பொது ஜெப புத்தகம் தொட்டித் தண்ணீரை மாதம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும் என்றது. (அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு இந்த ஒரு விதியே சாட்சி.) பலவீனமான பிள்ளையாக இருந்தால் முக்க வேண்டாம், ஊற்றினால் போதும் என்றும் அதில் சலுகை இருந்தது. சலுகை மெல்ல வழக்கமானது. இன்று அந்தச் சபையில் ஏறக்குறைய எல்லாக் குழந்தையும் பலவீனமான குழந்தைதான்!

முதலாம் எலிசபெத்தின் அரசு 1561-இல் தொட்டியை அதன் இடத்திலிருந்து நகர்த்தாதே என்று ஆணையிட்டது. 1604-இன் திருச்சபைச் சட்டம் ஒவ்வொரு கோயிலிலும் கல்லால் ஆன தொட்டி இருக்க வேண்டும் என்றது. இப்படித் திரும்பத் திரும்ப உத்தரவு போட வேண்டியிருந்தது என்றாலே ஊருக்கு ஊர் தொட்டியை நகர்த்திவிட்டு, சின்னப் பாத்திரத்தை வைத்து வேலையை முடித்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் பொருள். உள்நாட்டுப் போரின் நடுவே, 1645-இல், பியூரிட்டன்கள் கை ஓங்கியபோது ஜெப புத்தகமே தடையானது. அதற்கு மாற்றாக வந்த வழிபாட்டுக் கையேடு, போப்பு மார்க்கக் காலத்தில் தொட்டிகள் இருந்த இடம் தகாத இடம், ஞானஸ்நானம் சபையார் முகத்துக்கு நேராக நடக்க வேண்டும் என்றது. தொட்டிகள் வெளியே போயின. சில உடைக்கப்பட்டன, சில புதைக்கப்பட்டன, சில தோட்டத்தில் போடப்பட்டன. 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் கோயில்கள் அவசர அவசரமாகப் புதுத் தொட்டி செய்தன. 1660, 1661, 1662 என்று ஆண்டு வெட்டிய தொட்டிகள் இங்கிலாந்துக் கிராமங்களில் இன்றும் நிறையக் கிடைக்கும். பழையதைத் தேடி எடுத்து வருவதைவிடப் புதிதாக ஒன்றைச் செய்வது எளிதாக இருந்திருக்கிறது.

டியர்ஹர்ஸ்ட் கோயிலுக்குள் அந்தக் காலத்தின் தடம் ஒன்று நன்றாகவே மிஞ்சியிருக்கிறது. நற்கருணை மேசையைச் சுற்றி, சுவர் ஓரமாக, சபையார் உட்காரப் பலகை இருக்கைகள். பீடத்தைத் தூரத்திலிருந்து பார்த்து முழந்தாளிடுவதற்குப் பதில், மேசையைச் சுற்றி அமர்ந்து பந்தி உண்பதுபோல் நற்கருணை எடுத்தார்கள். நாடெங்கும் பிற்காலத்தார் பிடுங்கி எறிந்த ஏற்பாடு இது, இங்கே தப்பிவிட்டது.

தொட்டிதான் தப்பவில்லை. அல்லது வேறு விதமாகத் தப்பியது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அதன் கிண்ணம் கண்ணில் பட்டபோது ஒரு பண்ணையில் கழுவுதொட்டியாக இருந்தது. கல்லில் குடைந்த பெரிய கிண்ணம், அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை. பண்ணைக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவன் அதைப் புனிதப் பொருளாகவும் பார்க்கவில்லை, பழம்பொருளாகவும் பார்க்கவில்லை. நல்ல கல் என்று பார்த்தான். அதனால் உடைக்கவில்லை. சுழிகள் வெளிப்புறத்தில் இருந்ததால் அவனுடைய வேலைக்கு அவை இடைஞ்சலும் இல்லை.

இதைத் தெய்வ நிந்தை என்று எழுதிய ஆட்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோயில்களுக்குள்ளேயே தங்கிவிட்ட பழைய தொட்டிகளுக்கு என்ன ஆனது என்று பார்த்தால் இது புரியும். விக்டோரியா காலத்தில் பழைய கோயில்களைப் புதுப்பிக்கும் வெறி கிளம்பியது. 1839-இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் தொடங்கிய கேம்டன் சங்கம் இடைக்காலக் கோயில் எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப வேண்டும் என்று நாட்டையே ஆட்டிப் படைத்தது. தொட்டிகள்மீது அவர்களுக்குத் தனிப் பிரியம். 1844-இல் எஃப். ஏ. பேலி பழைய தொட்டிகளின் படங்களையே ஒரு புத்தகமாகப் போட்டார். பிரியம் நல்லதுதான். ஆனால் பிரியத்தோடு உளியும் வந்தது. தேய்ந்த சிற்பங்களை மறுபடி செதுக்கிக் கூர்மையாக்கினார்கள், சுண்ணாம்பைச் சுரண்டும்போது மேல்தோலையும் சேர்த்துச் சுரண்டினார்கள். இன்று பல தொட்டிகளில் 12-ஆம் நூற்றாண்டு எங்கே முடிகிறது, 19-ஆம் நூற்றாண்டு எங்கே தொடங்குகிறது என்று அறிஞர்கள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. பக்தியின் உளியைவிடப் பண்ணைக்காரனின் அழுக்குத் தண்ணீர் கல்லுக்கு நல்லதாக இருந்திருக்கிறது.

கல் இப்படிக் கை மாறுவது புதிதும் அல்ல. ஷ்ராப்ஷயரின் ராக்ஸிட்டர் கோயிலில் உள்ள தொட்டி ரோமானியர் நகரத்துத் தூண் ஒன்றின் அடிப்பாகம். திருப்பிக் குடைந்து தொட்டியாக்கிவிட்டார்கள். டார்செட்டின் மெல்பரி பப் என்ற ஊரில் உள்ள தொட்டியில் மானும் சிங்கமும் தலைகீழாக ஓடுகின்றன. காரணம், பழைய கற்சிலுவை ஒன்றின் துண்டைத் தலைகீழாக நிறுத்திக் குடைந்திருக்கிறார்கள். குடைந்தவருக்கு அந்த மிருகங்கள் எந்தப் பக்கம் நின்றால் என்ன, தண்ணீர் நின்றால் போதும். நாட்டுப்புறத்தில் நல்ல கல் சும்மா கிடக்காது. டியர்ஹர்ஸ்ட் ஊரே அதற்கு அத்தாட்சி. 1056-இல் ஓடா என்ற பிரபு இறந்துபோன தன் சகோதரரின் ஆன்மாவுக்காக ஒரு சிற்றாலயம் கட்டினார். அதன் கல்வெட்டு மட்டும் 1675-இல் பழத்தோட்டத்தில் கிடைத்தது, ஆலயத்தைக் காணவில்லை. இருநூறு ஆண்டுக்கும் மேல் கண்ணில் படாத கட்டடம் 1885-இல் கிடைத்தது, பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு பண்ணை வீட்டுக்குள். பழுது பார்க்கச் சுண்ணாம்பைப் பெயர்த்தபோது சாக்சன் சன்னல் எட்டிப் பார்த்தது. ஆலயத்தின் நடுக்கூடத்தில் சமையல் நடந்துகொண்டிருந்தது. கல்வெட்டு இப்போது ஆக்ஸ்ஃபர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சமையலறை மீண்டும் ஆலயமாகி நிற்கிறது.

தொட்டியின் கதைக்கு வருவோம். 1840-களில் பண்ணையிலிருந்து மீட்ட கிண்ணம் நேராக டியர்ஹர்ஸ்ட் போகவில்லை. ஆற்றுக்கு அக்கரையில், உஸ்டர்ஷயரில் இருக்கும் லாங்டன் என்ற ஊர்க் கோயிலுக்குப் போய், அங்கே மறுபடி ஞானஸ்நானத் தொட்டியானது. பல வருடம் லாங்டன் பிள்ளைகளுக்கு அதில்தான் பெயர் விழுந்தது. கதை அதோடு முடிந்திருக்கலாம். முடியாமல் செய்தவர் அப்பர்லி கோர்ட் மாளிகையில் வாழ்ந்த செல்வி ஸ்ட்ரிக்லண்ட். ஊர்ப்பக்கத் தோட்டத்தில் கிடந்த ஒரு செதுக்குக் கல் அவர் கண்ணில் பட்டது. அதிலும் சுழி. லாங்டன் கிண்ணத்தில் இருந்த அதே சுழிக் குடும்பம். இது அதன் தண்டு என்று அவர் முடிவு கட்டினார். லாங்டன் சபையிடம் பேசி, அவர்களுக்குப் புதுத் தொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கிக்கொண்டார். 1870-இல் கிண்ணமும் தண்டும் டியர்ஹர்ஸ்ட் கோயிலில் ஒன்றின்மேல் ஒன்று ஏறின.

தண்டு முதலில் இந்தக் கிண்ணத்துக்காகவே செய்யப்பட்டதா, அல்லது ஒரு கற்சிலுவையின் பகுதியா என்று அறிஞர்களிடையே வாதம் உண்டு. எப்படி இருந்தாலும் ஒரே பட்டறையின் கை என்று நினைக்கும்படி இரண்டும் பொருந்துகின்றன. பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர்களும் சங்கம் வைத்த பண்டிதர்களும் அந்தப் பக்கம் நடமாடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கல்லின் சுழியையும் பல மைல் தள்ளி இன்னொரு கல்லின் சுழியையும் மனதில் ஒட்டிப் பார்த்தவர் ஊரில் இருந்த ஒரு பெண்மணி என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பண்டமாற்று பேசி முடித்ததும் அவரேதான்.

இன்று?

இன்று தொட்டி இருக்கிறது, பிள்ளைகள்தான் குறைவு. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில்கூட இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் ஆங்கிலத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றன. அவர்கள் பெற்றோர் எல்லாரும் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போனவர்கள் அல்லர். பிள்ளை பிறந்தால் கொண்டுபோய்க் காட்டுவது ஊர் வழக்கம், அவ்வளவுதான். இப்போது பத்துக் குழந்தையில் ஒன்றுகூட ஒரு வயதுக்குள் அந்தத் திருச்சபையின் தொட்டிக்கு வருவதில்லை. டியர்ஹர்ஸ்ட் போன்ற சின்ன ஊரில் அந்த விகிதம் எத்தனை பிள்ளைகளாகும் என்பதை வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நம்பிக்கை குறைந்துவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதில் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. தொட்டியிடமிருந்து வேலைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. 1538-இல் தாமஸ் கிராம்வெல் உத்தரவு போட்டதிலிருந்து ஒரு மனிதன் பிறந்தான் என்பதற்கு அத்தாட்சி கோயில் பதிவேட்டின் ஞானஸ்நான வரிதான். சொத்து, வயது, வாரிசு எதற்கும் அதைத்தான் புரட்டினார்கள். 1837 சூலையில் அரசாங்கப் பிறப்புப் பதிவு தொடங்கியதும் அந்த வேலை போனது. பெயர் வைப்பது மருத்துவமனைக்கும் பதிவு அலுவலகத்துக்கும் போனது. பிள்ளை தங்குமா என்ற பயம், தடுப்பூசியும் நல்ல தண்ணீரும் வந்ததும் போனது. ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த சிசு மோட்சம் போகாது என்ற கொடுமையான பேச்சும் பெரும்பாலும் போய்விட்டது, நல்லவேளை. கடைசியில் தொட்டிக்கு மிஞ்சியது விசுவாசம் மட்டும். பயமும் பதிவும் உறவுக்காரர் வாயும் சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்த கூட்டம், விசுவாசம் மட்டும் கூப்பிட்டால் எத்தனை பேர் வரும்?

வருகிறவர்கள் வரும் விதமும் மாறியிருக்கிறது. தாய் முன்வரிசையில் நிற்கிறாள், பிள்ளை அவள் கையில்தான். பிள்ளைக்கு வயது சில மாதம், சில சமயம் சில வருடம். தானே நடந்து வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்க்கும் பிள்ளைகளும் உண்டு. பாட்டி காலத்து லேஸ் கவுன், பெரிய மெழுகுவத்தியில் ஏற்றிக் கொடுக்கும் சின்ன மெழுகுவத்தி, கைபேசிகள். பல கோயில்களில் பழைய தொட்டியின் ஆழத்துக்குள் ஒரு சின்னப் பாத்திரத்தை வைத்து அதில்தான் தண்ணீர், அதுவும் வெதுவெதுப்பாக. குருவானவர் மூன்று முறை உள்ளங்கையால் மொண்டு ஊற்றுகிறார், துண்டால் ஒற்றி எடுக்கிறார். குழந்தையை முழுசாக விழுங்கும் அளவுக்குக் குடைந்த கல், ஒரு குவளைத் தண்ணீருக்குப் பீடமாக நிற்கிறது.

இதற்கு நேர் எதிராக ஒன்றும் நடந்துகொண்டிருக்கிறது. பெரியவர்களாகி, தாங்களே முடிவு செய்து ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர்களுக்காக முழுக்கு மறுபடி வந்திருக்கிறது. சால்ஸ்பரி பேராலயத்தில் 2008-இல் வில்லியம் பை என்ற சிற்பி வடித்த தொட்டி, சிலுவை வடிவில் அகன்ற ஒரு நீர்த்தளம். மேல்பரப்பு கண்ணாடிபோல் அசையாமல் கூரையைக் காட்ட, நாலு மூலையிலும் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். அன்று மாதக்கணக்கில் நின்ற தண்ணீருக்குப் பூட்டுப் போட்டார்கள். இங்கே ஓடும் தண்ணீருக்கு மூடியே இல்லை, வருகிறவர்கள் விரலை நனைத்துப் பார்க்கிறார்கள். எனக்கு இந்தப் புதுத் தொட்டி பிடிக்கும். தொட்டி என்பது தண்ணீருக்காக என்ற பழைய அறிவு அதில் இருக்கிறது.

தொட்டி கோயில் வாசல் பக்கம் நிற்க வேண்டும் என்ற மரபு மட்டும் அன்றும் இன்றும் சட்டத்தில் இருக்கிறது: சபைக்குள் நுழைவது ஞானஸ்நானத்தின் வழியாக என்பதால். மிஷனரிகள் கட்டிய நெல்லைச் சீமை சி.எஸ்.ஐ. ஆலயங்கள் பலவற்றில் தொட்டி வாசலை ஒட்டி நிற்பதற்கும் இந்த ஆங்கில மரபுதான் மூலம்.

டியர்ஹர்ஸ்ட்டுக்கு இப்போது பிள்ளைகளைவிடப் பார்வையாளர்கள் அதிகம் வருகிறார்கள். சுவரில் உயரே இருக்கும் முக்கோண முடி வைத்த இரட்டைச் சன்னலைப் பார்க்க, வாசல் வளைவுகளில் பல்லைக் காட்டும் விலங்குத் தலைகளைப் பார்க்க, வெளியே இடிந்த பகுதியில் தனியாக மாட்டிக்கொண்டிருக்கும் சாக்சன் தேவதூதனைப் பார்க்க. நீதிபதி ஜான் கேசியும் மனைவியும் படுத்திருக்கும் 1400-ஆம் ஆண்டுப் பித்தளைத் தகட்டில் அந்த அம்மாளின் காலடியில் ஒரு நாய் இருக்கிறது. அதன் பெயர் டெர்ரி என்று தகட்டிலேயே வெட்டியிருக்கிறார்கள். தொட்டி செய்தவன் பெயர் தெரியாத கோயிலில் நாயின் பெயர் தெரிகிறது. எல்லாம் பார்த்துவிட்டுத் தொட்டியின் முன் வந்து நிற்பார்கள், குனிவார்கள், படம் எடுப்பார்கள்.

இப்படி ஒரு பொருளை அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாமே என்று நினைப்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் அதற்கு ஒரு கேடும் வராது, உண்மை. ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இந்தக் கல்லைக் காப்பாற்றியது யாருடைய பாதுகாப்பும் அல்ல. யாராவது ஒருவருக்கு அது எப்போதும் எதற்காவது தேவைப்பட்டது, அதுதான் காப்பாற்றியது. துறவிக்குத் தேவைப்பட்டது, பண்ணைக்காரனுக்குத் தேவைப்பட்டது, லாங்டன் சபைக்குத் தேவைப்பட்டது. வருடத்தில் நாலே நாலு பிள்ளைகள் வந்தாலும் சரி, அந்த நாலு பிள்ளைகளுக்கும் தண்ணீர் இந்தக் கல்லில்தான் நிற்க வேண்டும். சின்னப் பாத்திரத்தை எடுத்துவிட்டு, கிண்ணத்திலேயே நேராகத் தண்ணீர் ஊற்றினால் இன்னும் நல்லது.

இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் ட்யூக்ஸ்பரி பக்கம் போனால் அந்த ஊர் மடாலயத்தைப் பார்த்த கையோடு இங்கேயும் எட்டிப் பார்க்கலாம், காரில் கொஞ்ச நேரம்தான். ஓடாவின் சிற்றாலயமும் சில நிமிட நடையில் இருக்கிறது. குளிர்காலத்தில் போவதானால் முதலில் செவர்ன் வெள்ள எச்சரிக்கையைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். 2007 சூலையில் ட்யூக்ஸ்பரியையே தீவாக்கிய ஆறு அது. தண்ணீர் ஏறினால் டியர்ஹர்ஸ்ட் சாலை முதலில் மூழ்கும்.